பிக்ரிக் அமிலம் என்கிற வசதியான எதிரி

போன மாதம் ஒரு ஆய்வு மாணவி தன்னுடைய முதல் கட்டுரையின் வரைவை அனுப்பி, "சார், இங்கிலீஷ் மட்டும் பாத்துக் குடுங்க" என்று கேட்டிருந்தாள். மின்நூற்பு முறையில் எடுத்த ஒளிரும் பாலிமர் நானோ இழை, அதை வைத்து வெடிமருந்து கண்டறிதல். முதல் வரியிலேயே உலகளாவிய பயங்கரவாதம் வந்துவிட்டது. இரண்டாவது பத்தியில் பிக்ரிக் அமிலம். கடைசிப் படத்தில் புற ஊதா டார்ச்சின் கீழே நீலமாக மின்னும் ஒரு பட்டை, பக்கத்தில் இருண்டுபோன இன்னொரு பட்டை. இங்கிலீஷில் பெரிய தப்பு எதுவும் இல்லை. ஆனாலும் நாலு நாள் அந்தக் கோப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அந்த முதல் வரியை நானும் எழுதியிருக்கிறேன், கிட்டத்தட்ட அதே சொற்களில், என் ஆய்வேட்டில்.

அவளுக்குப் பதிலாக எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. அதனால் இங்கே போடுகிறேன். அவள் கட்டுரையைப் பற்றி மட்டும் இல்லை இது. அந்த வகைக் கட்டுரைகள் எல்லாவற்றையும் பற்றியது, என்னுடைய இரண்டையும் சேர்த்து.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் அடிப்படை. சில மூலக்கூறுகள் மேல் புற ஊதா ஒளி பட்டால் அதை வாங்கிக்கொண்டு நீலமாகவோ பச்சையாகவோ திருப்பிக் கொடுக்கும். அதுதான் ஒளிர்வு. நைட்ரோ தொகுதிகள் ஒட்டிய பென்சீன் வளையங்கள் எலக்ட்ரானுக்கு ஏங்கிக் கிடப்பவை. ஒளி வாங்கிக் கிளர்ந்திருக்கும் மூலக்கூறின் பக்கத்தில் அப்படி ஒன்று வந்து உட்கார்ந்தால் கிளர்ந்த எலக்ட்ரானை அது பிடுங்கிக்கொள்ளும், வெளிச்சம் வராது. எவ்வளவு வெளிச்சம் குறைந்தது என்று அளந்தால் எவ்வளவு மருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். அதற்கான கணக்கு ஸ்டெர்ன், வோல்மர் இருவரும் 1919-ல் கொடுத்த சமன்பாடு. இன்றைக்கும் அதேதான்.

(ஒரு சின்னத் தொல்லை. மூன்று நைட்ரோ உள்ள டொலுயீனையும் இரண்டு நைட்ரோ உள்ள டொலுயீனையும் தமிழில் சுருக்கி எழுதினால் இரண்டும் டி.என்.டி. என்றுதான் வரும். ஒன்று குண்டு, இன்னொன்று குண்டோடு கூடவே வரும் அசுத்தம். அதனால் இங்கே டிரைநைட்ரோ, டைநைட்ரோ என்றே எழுதுகிறேன்.)

தனித்தனி சாய மூலக்கூறை வைத்தால் ஒரு திருடன் ஒரு விளக்கைத்தான் அணைப்பான். டிமத்தி ஸ்வேகர் 1995-ல் செய்தது வேறு. விளக்குகளைத் தனித்தனியாக விடாமல் ஒரே நீளமான இணைப்புப் பாலிமர் சங்கிலியாகக் கோத்தார். கிளர்ந்த ஆற்றல் அந்தச் சங்கிலி நெடுக ஓடிக்கொண்டே இருக்கும், எங்கேயாவது ஒரு இடத்தில் நைட்ரோ உட்கார்ந்திருந்தால் அங்கே போய் விழுந்து காணாமல் போய்விடும். இதை விளக்க எல்லோரும் சீரியல் பல்ப் உதாரணம் சொல்வார்கள். எனக்கு அதைவிட நண்டு வளைதான் சரியாகப் படுகிறது. நடவு முடிந்த வயலில் ராத்திரி நண்டு வரப்பில் ஒரே ஒரு ஓட்டை போட்டுவிட்டுப் போகும். காலையில் போய்ப் பார்த்தால் மொத்த வயலும் வடிந்து கிடக்கும். ஓட்டை ரெண்டு விரல் அகலம்தான் இருக்கும். தண்ணீர் எல்லா மூலையிலிருந்தும் அதைத் தேடி வந்துவிட்டது. ஆற்றல் ஓடுகிற சங்கிலியில் நைட்ரோ மூலக்கூறு செய்வது இதுதான்.

1998-ல் எம்.ஐ.டி.யில் யாங்கும் ஸ்வேகரும் இதை டிரைநைட்ரோவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கட்டுரையை இன்றைக்கும் மாணவர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன். இணைப்புப் பாலிமரைப் படலமாகப் பூசினால் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒளிர்வு தானாகவே மங்கிவிடும் என்பது தெரிந்த தொந்தரவு. அவர்கள் பென்டிப்டிசீன் என்ற பெருத்த, விறைத்த அமைப்பைச் சங்கிலியில் இடையிடையே வைத்தார்கள். அது சங்கிலிகளை ஒட்டவிடாமல் தள்ளி நிறுத்தியது, கூடவே நைட்ரோ மூலக்கூறு நுழைந்து போக இடைவெளியும் விட்டது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். படலம் சில நானோமீட்டர் தடிமன்தான், ஆவி பட்ட ஒரு நிமிடத்துக்குள் ஒளியில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆவி என்பதைக் கவனியுங்கள். கரைசல் இல்லை. அறை வெப்பத்தில் டிரைநைட்ரோவின் ஆவி காற்றில் நூறு கோடியில் ஏழெட்டுப் பங்குதான் இருக்கும், அதைப் பிடித்தார்கள். பிறகு நோமேடிக்ஸ் என்ற நிறுவனம் அதை ஃபைடோ என்ற கையடக்கக் கருவியாக்கியது. இராக்கில் ரோபோக்களில்கூட அதைப் பொருத்தினார்கள். ஆக, இந்தத் துறையின் அஸ்திவாரம் பொய் இல்லை. முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

நானோ இழை 2002-ல் வருகிறது. மாசசூசெட்ஸ் லோவல் பல்கலையில் ஜெயந்த் குமார், லின் சாமுவேல்சன் குழு. மின்நூற்பு என்பது பழைய சரக்கு, ஃபார்ம்ஹால்ஸ் 1934-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஊசிமுனையில் பாலிமர் கரைசல், எதிரே ஒரு உலோகத் தகடு, நடுவில் பத்து இருபதாயிரம் வோல்ட். ஊசி நுனியில் சொட்டு கூம்பாக இழுபட்டு, கூம்பின் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழை ஒன்று சாட்டை சுழற்றுவதுபோலச் சுழன்று பறந்து தகட்டில் வந்து படியும். முதல்முறை பார்த்தபோது எனக்குத் திருபுவனத்துப் பட்டுத்தறி ஞாபகம் வரவில்லை, எட்டுக்கால் பூச்சிதான் ஞாபகம் வந்தது. அந்தக் குழு பாலிஅக்ரிலிக் அமிலத்தில் பைரீனைக் கட்டி, அதை இழையாக இழுத்து, இரும்பு அயனி, பாதரச அயனி, டைநைட்ரோ டொலுயீன் மூன்றையும் சோதித்தது. சமமான படலத்தைவிட உணர்திறன் நூறிலிருந்து ஆயிரம் மடங்கு அதிகம் என்று காட்டியது. மேற்பரப்பு அதிகம், அதனால் தொடும் வாய்ப்பு அதிகம். எளிமையான, நேர்மையான யோசனை.

நம் பக்கத்திலும் இந்த ஊசியும் தகடும் புதிதில்லை. திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ராவின் நானோ மையத்தில் திசு வளர்ப்புக்கான இழைச் சட்டங்கள், துத்தநாக ஆக்சைடு வாயு உணரிகள் என்று வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. தஞ்சாவூரில் ஒரு எம்.எஸ்சி. பிள்ளையிடம் மின்நூற்பு என்றால் என்னவென்று விளக்கவேண்டிய காலம் போய்விட்டது. மலிவான கருவி, ஒரு மின்னழுத்த மூலம், ஒரு சிரிஞ்ச் பம்ப், அலுமினியத் தாள். சின்ன ஊர்ச் சின்ன ஆய்வகத்துக்கு ஏற்ற தொழில்நுட்பம். அதனால்தான் இத்தனை பேர் இதைச் செய்கிறோம், அதனால்தான் இதில் என்ன செய்கிறோம் என்று கேட்கவும் வேண்டியிருக்கிறது.

இனி குறை.

முதல் குறை பிக்ரிக் அமிலம். மூன்று நைட்ரோ உள்ள ஃபீனால். சந்தேகமே இல்லாமல் வெடிமருந்து, முதல் உலகப்போர்க் காலத்துக் குண்டுகளில் நிரப்பியது. 1917-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தை அழித்த கப்பலில் இருந்த சரக்கில் இதுவும் உண்டு. ஆனால் இன்றைக்கு எந்த ஊர்க் குண்டில் பிக்ரிக் அமிலம் இருக்கிறது? அது ஏன் கட்டுரைக்குக் கட்டுரை வருகிறது என்றால், கிடைக்கிறது, அதான். டிரைநைட்ரோவை ஒரு கல்லூரி வாங்க முடியாது. பிக்ரிக் அமிலம் ஈரமாக பாட்டிலில் வரும். தண்ணீரில் கரையும், பளிச்சென்ற மஞ்சள். எங்கே இருக்கும் என்று கேட்டால், மருத்துவக் கல்லூரி சாலையில் எந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குள்ளும் நுழைந்து கிரியேட்டினின் சோதனையை ஜாஃபே முறையில் செய்கிறீர்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் அங்கே பிக்ரேட் இருக்கிறது. ஜாஃபே அந்த வினையை விவரித்தது 1886-ல், சிறுநீரகத்தைச் சோதிக்க அது இன்றும் பயன்படுகிறது. நம்முடைய "வெடிமருந்து உணரி"யை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர்த் தெருவில் நடந்தால் அது முதலில் கண்டுபிடிக்கப்போவது லேப் சாக்கடையைத்தான்.

இரண்டாவது குறை இன்னும் மோசம், ஏனென்றால் அது அளவீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிக்ரிக் அமிலம் மஞ்சள் என்றேன். மஞ்சள் என்றால் ஊதா ஒளியையும் புற ஊதாவையும் அதுவே விழுங்குகிறது என்று அர்த்தம். பைரீனைக் கிளர்த்த நாம் அனுப்புவதும் கிட்டத்தட்ட அதே 340 நானோமீட்டர்ப் பக்கத்து ஒளி. கண்ணாடிக் குப்பியில் கரைசலைச் சேர்க்கச் சேர்க்க வெளிச்சம் குறைகிறது, உண்மை. ஆனால் நைட்ரோ எலக்ட்ரானைப் பிடுங்கியதால் குறைந்ததா, இல்லை சாயத்துக்குப் போய்ச் சேரவேண்டிய ஒளியை வழியிலேயே மஞ்சள் தண்ணீர் குடித்துவிட்டதா? இதற்கு உள்வடிகட்டி விளைவு என்று பெயர். திருத்தச் சூத்திரம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு செறிவிலும் உறிஞ்சலை அளந்து திருத்தினால் போதும், ஒரு மத்தியான வேலை. பிக்ரிக் அமிலக் கட்டுரைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். பல சமயம் இருக்காது. ஸ்டெர்ன்–வோல்மர் கோடு மேலே வளைந்து போகும், அதற்கு "நிலை அணைப்பும் இயங்கு அணைப்பும் சேர்ந்து" என்று விளக்கம் எழுதியிருக்கும். என்னுடைய இரண்டு கட்டுரைகளில் ஒன்றிலும் கோடு அப்படித்தான் வளைந்தது, நானும் அப்படித்தான் எழுதினேன். பிறகு திருத்திப் பார்த்தபோது வளைவு பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது. அச்சான பிறகு பார்த்தேன் என்பதுதான் கஷ்டம்.

கண்டறியும் எல்லை என்று ஒரு எண் வரும். வெற்று மாதிரியின் சிதறலை மூன்றால் பெருக்கி, கோட்டின் சாய்வால் வகுத்தால் வரும் எண். அந்தச் செறிவில் ஒரு மாதிரியைச் செய்து யாரும் அளந்திருக்க மாட்டார்கள். மைக்ரோமோலாரில் அளந்துவிட்டு நானோமோலாரில் அறிக்கை கொடுப்பது சகஜம். வங்கியில் ஆயிரம் ரூபாய் போட்டுவிட்டு வட்டி விகிதத்தைக் காட்டி கோடீஸ்வரன் என்று சொல்லிக்கொள்வதைப்போல.

இழைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. ஸ்வேகரின் நண்டு வளை வேலை செய்வதற்குச் சங்கிலி முழுக்க இணைப்புப் பாலிமராக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பாலிமர்கள் விறைப்பானவை, கரைசலில் போதுமான அளவு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது, அதனால் தனியாக இழை இழுக்க வராது. ஆகவே பாலிஸ்டைரீன் மாதிரி ஒன்றில் கலந்து இழுக்கிறோம், அல்லது சும்மா பைரீனைத் தூவிவிடுகிறோம். அந்த நிமிடமே வயல் தனித்தனிப் பாத்தியாகிவிட்டது. ஒரு வளை ஒரு பாத்தியைத்தான் வடிக்கும். இழை என்பதால் கிடைத்த மேற்பரப்பு லாபத்தை ஒரு கையில் வாங்கி, சங்கிலி என்பதால் கிடைத்த பெருக்க லாபத்தை இன்னொரு கையால் விட்டுவிடுகிறோம். ஆனால் அறிமுகத்தில் மட்டும் ஸ்வேகரை மேற்கோள் காட்டுகிறோம். இதற்கு விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2012-ல் கனெக்டிகட் பல்கலையில் யூ லெய் குழு பைரீனும் பாலிஸ்டைரீனும் சேர்ந்த இழையையே எடுத்துக்கொண்டு, பாலிஸ்டைரீனின் பென்சீன் வளையங்களும் பைரீனும் அடுக்காக நின்று ஆற்றலைக் கைமாற்றுகின்றன என்று வாதாடியது. வாதத்தில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அவர்கள் ஆவியில் சோதித்தார்கள், மண்ணுக்குள் புதைத்த மருந்தைச் சோதித்தார்கள். கேள்வி எங்கே கிடக்கிறதோ அங்கே போனார்கள்.

மண்ணுக்குள் புதைந்தது என்றதும் நமக்கு நினைவுக்கு வரவேண்டியது கோடியக்கரைக்கு எதிர்க்கரை. வன்னி மண்ணில் போர் விட்டுச்சென்ற கண்ணிவெடிகளை இன்னும் தோண்டி எடுக்கிறார்கள். ஹேலோ டிரஸ்ட் 2002-லிருந்து அங்கே இருக்கிறது. வேலை செய்பவர்களில் நிறையப் பேர் பெண்கள், போரில் கணவனை இழந்தவர்களும் உண்டு. கையில் உலோகங்காணி, இல்லையென்றால் மண்ணைப் பதமாக வாரி எடுக்கும் வாரி. மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக. கண்ணிவெடியிலிருந்து மண்ணுக்கு மேலே கசிந்து வருவது டிரைநைட்ரோவைவிட அதோடு அசுத்தமாக வரும் டைநைட்ரோதான், அதற்குத்தான் ஆவியழுத்தம் பல மடங்கு அதிகம். ஒளிரும் இழைக்கு உண்மையிலேயே ஒரு தமிழ் முகவரி இருக்கிறதென்றால் அது அங்கேதான். நம் கட்டுரைகளில் வன்னி மண் ஒரு பிடிகூட வந்து நான் பார்த்ததில்லை. விமான நிலையம்தான் வரும்.

சரி, விமான நிலையமே ஆகட்டும், இந்தியாவில் எதைத் தேட வேண்டும்? ஆர்.டி.எக்ஸ்., பி.இ.டி.என். இரண்டும் நைட்ரோ அரோமாட்டிக் இல்லை. எலக்ட்ரானைப் பிடுங்கும் வேகம் குறைவு, ஆவியோ டிரைநைட்ரோவோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அணைப்பை நம்பிய உணரி இவற்றிடம் தடுமாறும். கல்குவாரியில் பிடிபட்டது என்று பத்திரிகையில் வரும் "ஜெலட்டின் குச்சி" பெயரில் மட்டும்தான் ஜெலட்டின். நைட்ரோகிளிசரின் சார்ந்த வெடிபொருளை இந்தியாவில் 2004-லேயே நிறுத்தியாயிற்று, இப்போது உள்ளே இருப்பது அமோனியம் நைட்ரேட் குழம்பு. பெய்ரூட்டில் 2020 ஆகஸ்டில் வெடித்த 2,750 டன்னும் அமோனியம் நைட்ரேட்தான். அடுத்த சில நாளில் மணலி பக்கத்துச் சரக்கு முனையத்தில் 2015-லிருந்து கிடந்த சுமார் 700 டன்னை லாரி லாரியாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்களே, அதுவும் அதேதான். அதற்கு ஆவியும் கிடையாது, பென்சீன் வளையமும் கிடையாது. நம் இழை அதன் மேல் விழுந்து புரண்டாலும் நீலமாகவே மின்னும். டெல்டாவில் அமோனியம் நைட்ரேட் உரமாகக்கூட வராது. நீர் தேங்கிய நெல் வயலில் நைட்ரேட் நிற்காது என்பதால் இங்கே யூரியாவும் டி.ஏ.பி.யும்தான். கோயில் திருவிழா அதிர்வேட்டில் இருப்பது பொட்டாசியம் நைட்ரேட். அதற்கும் இழை அசையாது. பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் புனே எச்.இ.எம்.ஆர்.எல்.லும் சேர்ந்து 2019-ல் ரைடர்–எக்ஸ் என்று ஒரு கருவியை அறிமுகப்படுத்தினார்கள், இரண்டு மீட்டர் தள்ளி நின்று இருபது வகை வரை பிரித்துச் சொல்லும் என்றார்கள். பாதுகாப்புத் துறையின் தேவை அந்த மாதிரி. பிக்ரிக் அமிலத்தில் முக்கிய பட்டையை யாரும் வாசலில் நின்று கேட்கவில்லை.

இதுவரை எழுதியது தொழில் விமர்சனம். மற்ற துறைகளிலும் இதெல்லாம் உண்டு, பழகிவிட்ட பாவம். நாலு நாள் கோப்பை மூடி வைத்ததற்குக் காரணம் இது இல்லை.

ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒரு தீபாவளி விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். சட்டைப் பையில் நாலு பட்டை, ஒரு ஊதா டார்ச். அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். இருட்டில் மின்னுவதைப் பார்த்துவிட்டு, "இது எதத் தம்பி கண்டுபிடிக்கும்?" என்றார். குண்டு என்றேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம ஊருல குண்டுக்கு எங்கடா போறது? மருந்து கெடக்கான்னு பாக்குமா?"

மருந்து என்றால் டெல்டாவில் பூச்சிமருந்து. எங்கள் சின்ன வயதில் மருந்து என்றால் ஃபாலிடால். கதிர் நாவாய்ப்பூச்சிக்குத் தூவுகிற பொடி, புகையானுக்கு வேறு ஒன்று. பால் பிடிக்கும் பருவத்தில் விடிகாலையில் தூவுவார்கள், ஊரே நாறும். அந்தப் பெயர் எங்கள் தெருவில் பூச்சிக்காக மட்டும் புழங்கிய பெயர் இல்லை. எந்த வீட்டில் அழுகுரல் கேட்டாலும் முதலில் வரும் கேள்வியில் அந்தப் பெயர் இருக்கும். 1958-ல் கேரளத்தில் கப்பலில் கோதுமையோடு சேர்ந்து வந்த இதே ஃபாலிடால் கசிந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ல் வந்ததற்கு அது ஒரு காரணம். மீதைல் பாரத்தியான் தடையானது 2018 ஆகஸ்டில். அதாவது, சட்டம் வந்து ஐம்பது வருஷம்.

இப்போது அதன் கட்டமைப்பைப் பாருங்கள். பாரத்தியான், மீதைல் பாரத்தியான், ஃபெனிட்ரோதையான், எல்லாவற்றிலும் பென்சீன் வளையத்தில் ஒரு நைட்ரோ. மண்ணிலும் தண்ணீரிலும் உடைந்தால் முதல் இரண்டிலிருந்தும் வருவது 4-நைட்ரோஃபீனால். பிக்ரிக் அமிலத்தின் தம்பி. வெடிமருந்துக் கட்டுரைகளின் தேர்திறன் படத்தில், பிக்ரிக் பட்டை கோபுரமாக நிற்க, பக்கத்தில் 4-நைட்ரோஃபீனால் பட்டை அரையாள் உயரத்தில் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கு "குறுக்கீடு" என்று பெயர் வைத்து, ஒரு வரியில் ஒதுக்கிவிட்டு நகர்வோம். எங்கள் அப்பாவின் கேள்விக்கு விடை அந்த ஒதுக்கிய வரியில் இருந்தது.

அதைவிட ஒரு வேடிக்கை உண்டு. ஸ்வேகரின் 1995 கட்டுரை, இந்தத் துறை முழுவதும் பிறந்த கட்டுரை, அதில் சங்கிலியின் பெருக்கத்தைக் காட்ட அவர் எடுத்துக்கொண்ட அணைப்பான் எது தெரியுமா? பாராகுவாட். களைக்கொல்லி. மாற்று மருந்தே இல்லாத விஷம். சங்கிலியாகக் கோத்ததால் அதைக் காணும் திறன் அறுபது மடங்குக்கு மேல் கூடியது என்பதுதான் முதல் முடிவு. அவருக்கு அது ஒரு மாதிரிப் பொருள், வசதிக்காக எடுத்தது, அவ்வளவுதான். ஆனால் தொடக்கத்தில் மேசையில் இருந்தது வயல் விஷம். அடுத்த மூன்று வருஷத்தில் அது குண்டாக மாறியதற்கு அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிதி காரணம், அவர்களுக்கு அதற்கான தேவை இருந்தது. நாம் குண்டையே பிடித்துக்கொண்டதற்கு என்ன காரணம் என்று யோசித்தால் எனக்கு மானக்கேடாக இருக்கிறது. அறிமுகப் பத்தியையும் சேர்த்து இறக்குமதி செய்தோம், அவ்வளவுதான்.

அந்தத் தீபாவளியில் அப்பா கேட்டதற்காகவே மறுநாள் வயல் வாய்க்காலில் ஒரு பட்டையை முக்கினேன். பாதி அணைந்தது. சந்தோஷத்தில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஆய்வகம் திரும்பினேன். வழிகாட்டி கேட்டார், இதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. வண்டல் நீர் பழுப்பு நிறம், மக்கிய இலைதழையின் ஹியூமிக் அமிலமே புற ஊதாவைக் குடிக்கும், பாலிஅக்ரிலிக் இழையோ ஈரத்தில் ஊதிப்போகும். அவர் சொன்னது அத்தனையும் சரி. "அப்ப இத எழுதாத, ரெஃப்ரி தேவையில்லாம கேள்வி கேப்பான்" என்று முடித்தார். அதைத்தான் இன்றுவரை செரிக்க முடியவில்லை. வாய்க்கால் தண்ணீர் இழையை ஏமாற்றுகிறது என்பது ஒரு முடிவு. இந்த உணரி இந்த ஊரில் வேலை செய்யாது, ஏன் செய்யாது என்று சொல்லும் முடிவு. அதை விட்டுவிட்டு, இரட்டை வடிநீரில் பிக்ரிக் அமிலம் சேர்த்த படத்தைப் போட்டேன். பட்டம் வந்தது.

என் தரப்பிலும் ஒரு எச்சரிக்கை. குண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூச்சிமருந்தை ஒட்டினால் கட்டுரை யோக்கியமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படியும் கட்டுரைகள் வர ஆரம்பித்துவிட்டன, "உணவுப் பாதுகாப்பு" என்று முதல் வரி, பிறகு அதே வடிநீர், அதே மூன்று சிக்மா. மேலும் தடை வந்தபின் வயலில் இறங்கும் மருந்துகள் மாறிவிட்டன, இப்போதைய பலவற்றில் நைட்ரோ வளையமே கிடையாது. கடையில் என்ன விற்கிறது என்று கேட்காமல் மூலக்கூறைத் தேர்ந்தெடுத்தால் மறுபடி வசதியான எதிரிதான். ஆடுதுறையில் 1922-லிருந்து ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, புதுக்கோட்டை சாலையில் நிஃப்டெம் இருக்கிறது. வல்லத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ பஸ் ஏறினால் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு சாயங்காலம் திரும்பிவிடலாம். வேதியியல்காரர்கள் ஏனோ ஏறுவதில்லை. நானும் ரொம்பத் தாமதமாகத்தான் ஏறினேன்.

மாணவிக்குக் கடைசியில் எழுதியது இவ்வளவுதான். முதல் வரியை அடி. "வெடிமருந்து" என்று இருக்கும் இடமெல்லாம் "பிக்ரிக் அமிலம்" என்று மாற்று, தலைப்பிலும். ஒவ்வொரு செறிவுக்கும் உறிஞ்சலை அளந்து உள்வடிகட்டித் திருத்தம் போடு, கோடு நிமிர்ந்தால் நிமிரட்டும். 4-நைட்ரோஃபீனாலைக் குறுக்கீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனிப் படமாகப் போடு. வடிநீரோடு ஒரு உண்மைத் தண்ணீரையும் வை, அதில் இழை தோற்றாலும் போடு.

ரெண்டு நாள் பதில் இல்லை. மனசு உடைந்துவிட்டதோ என்று நினைத்தேன். அவளுக்கு இந்தக் கட்டுரை இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது, ஸ்டைபண்ட் மார்ச்சோடு முடிகிறது, அது எனக்குத் தெரியும். தலைப்பில் வெடிமருந்து இல்லையென்றால் நல்ல இதழ் எடுக்குமா என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. சின்ன இதழ்தான் எடுக்கும். சொல்வது எனக்குச் சுலபம், என் பட்டம் கையில் இருக்கிறது.

மூன்றாம் நாள் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. திருத்தத்துக்குப் பிறகு போட்ட கோடு. மேல் முனையில் கொஞ்சம் வளைகிறது, மற்றபடி நேர்கோடு. சாய்வு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. கீழே, "சார், தலைப்ப கைடுகிட்ட பேசிட்டு சொல்றேன். நீங்க இந்த வாரம் ஊருக்குப் போறீங்களா?"

போகிறேன். குடமுருட்டியில் ஒரு லிட்டர், சம்பா வயலில் ஒரு லிட்டர், மருந்தடித்த வயலாக இருந்தால் எந்த மருந்து, எத்தனை நாளாச்சு என்று எழுதி ஒட்டிக்கொண்டு வரவேண்டுமாம். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, பழுப்புக் கண்ணாடிதான் வேண்டுமாம். அப்பாவிடம் சொன்னேன், இருமல் மருந்து பாட்டில் நாலைக் கழுவிக் காயவைத்துவிட்டார்.